மருந்துக் கட்டுப்பாடு பலன் தந்ததா: எந்தக் கணக்குமுறை உங்களுக்குச் சரிவரும்?

ஆன்டிபயாடிக் எழுதுவதைக் குறைக்க மருத்துவமனை ஒரு புது விதி கொண்டுவருகிறது. அல்லது, இன்ன மருந்தை இனி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு உத்தரவு போடுகிறது. ஒரு வருஷம் போனதும் மேலிடத்திலிருந்து கேள்வி வரும்: இதனால் ஏதாவது பலன் இருந்ததா? கையில் மாதவாரியாக மருந்துக் கணக்கு இருக்கும். அதை வைத்துப் பதில் சொல்லப் பல வழிகள் உண்டு. ஒரே கணக்கிலிருந்து அவை வேறுவேறு பதில் சொல்லவும் கூடும்.

மருந்தியல் முதுநிலை மாணவர்கள், ஃபார்ம்.டி. முடித்து மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஆன்டிபயாடிக் கண்காணிப்புக் குழுவில் புள்ளிவிவரப் பொறுப்பு வந்து சேர்ந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் செக்மென்டட் ரிக்ரஷன், அதாவது விதிக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் கோடு வரைந்து ஒப்பிடும் கணக்கு, போதும். அதோடு நல்ல ஒப்பீட்டுத் தொடர் (விதி வராத இடத்தின் அல்லது மருந்தின் மாதவாரிக் கணக்கு) ஒன்று சேர்ந்துவிட்டால், ஒப்பீடு இல்லாத எந்த நுட்பமான மாடலையும்விட நம்பகமான பதில் கிடைக்கும். மாடல் தேடுவதில் போகும் நேரத்தில் பாதியையாவது ஒப்பீடு தேடுவதில் போடுங்கள்.

முன் சராசரி, பின் சராசரி

பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். விதிக்கு முந்தைய 12 மாதச் சராசரி, பிந்தைய 12 மாதச் சராசரி, இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க ஒரு டி-டெஸ்ட். பத்து நிமிஷ வேலை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு மருத்துவமனையில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கின் பயன்பாடு 100 படுக்கை-நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் படுத்திருந்தால் ஒரு படுக்கை-நாள்) 61 டோஸ் என்று தொடங்கி, மாதம் 1 வீதம் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கிறது. 12ஆம் மாதம் 50. அப்போது விதி வருகிறது. விதியால் எதுவுமே மாறவில்லை. அதே வேகத்தில் இறங்கி 24ஆம் மாதம் 38க்கு வந்து நிற்கிறது. முன் சராசரி 55.5, பின் சராசரி 43.5. வித்தியாசம் 12, அதாவது ஏறக்குறைய 22 சதவீதக் குறைவு. டி-டெஸ்ட் போட்டால் பி மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது தற்செயலாக இவ்வளவு வரும் வாய்ப்பு, 0.001க்கும் கீழே வரும். ஒன்றுமே செய்யாத ஒரு விதிக்கு இப்படி ஒரு வெற்றிச் சான்றிதழ்.

இதைத் திருப்பிப் போட்டாலும் அதே கோளாறு. பயன்பாடு 40லிருந்து மாதம் 1 வீதம் ஏறி 51க்கு வந்துவிட்டது. விதி வந்ததும் போக்கு திரும்பி, 51லிருந்து மாதம் 1 வீதம் இறங்கி 40க்கு வருகிறது. இரு பக்கமும் சராசரி 45.5தான். டி-டெஸ்ட் “மாற்றமே இல்லை” என்று சொல்லும். விதி இல்லாமல் இருந்திருந்தால் 24ஆம் மாதம் 63 ஆகியிருக்க வேண்டியது 40ல் நிற்கிறது என்ற பெரிய உண்மை கண்ணிலேயே படாது.

ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் ஒன்றை நின்ற நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வதால் வரும் பிழை இது. மருந்துப் பயன்பாடு அநேகமாக எப்போதும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. புது மருந்து வருகிறது, விலை இறங்குகிறது, டாக்டர்கள் மாறுகிறார்கள். எனவே இந்த முறையை எந்தச் சூழலுக்கும் என்னால் பரிந்துரைக்க முடியாது. மாதவாரிக் கணக்கு கையில் இருக்கும்போது அதை இரண்டே எண்ணாகச் சுருக்குவதற்கு ஒரு காரணமும் இல்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சம்பவம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்தது. 1981ல் அங்குள்ள மெடிக்கெய்ட் திட்டம், அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, ஒரு நோயாளிக்கு மாதம் 3 மருந்துச் சீட்டுக்கு மேல் பணம் தர மாட்டோம் என்று வரம்பு வைத்தது. 11 மாதம் நீடித்த அந்த வரம்பை எடுத்துவிட்டு, சீட்டுக்கு 1 டாலர் நோயாளி கட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். வரம்பு எதற்கு என்றால் செலவைக் குறைக்க.

ஸ்டீபன் சூமராய் தலைமையிலான ஆய்வுக் குழு இதை மாதவாரித் தொடராக எடுத்து ஆராய்ந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் மெடிக்கெய்ட் நோயாளிகளை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே அப்படி ஒரு வரம்பு இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் பல மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்த முதியவர்களின் மருந்துப் பயன்பாடு வரம்பு வந்ததும் 35 சதவீதம் சரிந்தது. அதே காலத்தில் அவர்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேரும் ஆபத்து நியூ ஜெர்சியோடு ஒப்பிட 1.8 மடங்கு. வரம்பை எடுத்ததும் மருந்துப் பயன்பாடு பழைய நிலைக்கு அருகே திரும்பியது, கூடுதல் ஆபத்தும் நின்றது. ஆனால் இல்லத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை. ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளைப் பற்றித் தனியாக 1994ல் வந்த ஆய்வு, மருந்தில் மிச்சமான தொகையைப்போல 17 மடங்கு அவசர மனநலச் சேவைகளுக்குக் கூடுதலாகச் செலவானதாகக் கணக்கிட்டது.

இந்த ஆய்வின் பலம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வரம்பு வந்த மாதத்தில் சரிவு, எடுத்த மாதத்தில் ஏற்றம் என்று தொடரில் இரண்டு முறிவுகள். நியூ ஜெர்சியில் இரண்டுமே இல்லை. நியூ ஜெர்சித் தொடர் மட்டும் இல்லாமல் போயிருந்தால், “அந்த வருஷம் நாடு முழுக்கவே பொருளாதார மந்தம், அதனால் இருக்கலாம்” என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ரிக்ரஷன் சமன்பாட்டில் எவ்வளவு கூட்டினாலும் அந்த வாதத்துக்குப் பதில் கிடைத்திருக்காது.

செக்மென்டட் ரிக்ரஷன்

2002ல் இதே குழுவைச் சேர்ந்த ஆனிதா வாக்னரும் சகாக்களும் மருந்துப் பயன்பாட்டு ஆய்வுக்கென்றே இந்த முறையை விளக்கி எழுதிய கட்டுரையிலிருந்துதான் நம்மில் பலரும் இதைக் கற்றுக்கொள்கிறோம். செய்முறை எளிது. மாதவாரிப் பயன்பாட்டுக்குப் பக்கத்தில் எக்செலிலேயே மூன்று பத்திகள் சேர்த்தால் போதும். 24 மாதம் முன், 12 மாதம் பின் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தி காலம்: 1 முதல் 36 வரை. இரண்டாவது விதி: முதல் 24 வரிசையில் 0, அடுத்த 12 வரிசையில் 1. மூன்றாவது விதிக்குப் பிந்தைய காலம்: முதல் 24 வரிசையில் 0, அப்புறம் 1, 2, 3 என்று 12 வரை. இந்த மூன்றையும் வைத்து சாதாரண லீனியர் ரிக்ரஷன் ஓட்டினால் நான்கு எண்கள் கிடைக்கும்: தொடக்க நிலை, விதிக்கு முந்தைய மாதாந்திரப் போக்கு, விதி வந்ததும் நிகழ்ந்த திடீர் மாற்றம், அதன் பிறகு போக்கில் வந்த மாற்றம்.

இன்னொரு கற்பனை உதாரணம். தொடக்க நிலை 40, முந்தைய போக்கு மாதம் +0.5, திடீர் மாற்றம் −6, போக்கு மாற்றம் −0.5 என்று வருகிறது. 36ஆம் மாதம் விதி இல்லாமல் இருந்திருந்தால் 40 + 18, அதாவது 58 இருந்திருக்க வேண்டும். விதியால் வந்த மாற்றம் −6, அதோடு 12 மாதத்துக்கு −0.5 வீதம் இன்னொரு −6. ஆக 46. வித்தியாசம் 12 டோஸ், ஏறக்குறைய 21 சதவீதம். “போக்கு மாற்றம் −0.5, பி மதிப்பு 0.03” என்று அறிக்கையில் எழுதினால் மருந்துக் குழுக் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது. “ஓராண்டு முடிவில், எதிர்பார்த்ததைவிட 12 டோஸ் குறைவு” என்று எழுதுங்கள், அந்த 12க்கும் நம்பிக்கை இடைவெளியை (உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதை) சேர்த்து. பல ஆய்வறிக்கைகளில் இந்த ஒரு வரி விட்டுப்போகிறது. படிப்பவர்களுக்கு உண்மையில் வேண்டியதே இதுதான்.

எத்தனை மாதம் வேண்டும்? முறையான மதிப்பாய்வுகளுக்கு காக்ரேன் அமைப்பின் ஈபாக் குழு குறைந்தபட்சமாகக் கேட்பது விதிக்கு முன் 3 புள்ளி, பின் 3 புள்ளி. அதை வைத்துக்கொண்டு போக்கைக் கணிப்பது சிரமம். வாக்னர் கட்டுரை இரு பக்கமும் 12 மாதத்தையும், ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது 100 நோயாளிகளையோ சீட்டுகளையோ பரிந்துரைக்கிறது. என்னைக் கேட்டால், விதிக்கு முன் 24 மாதம் இருந்தால்தான் மனம் நிம்மதியாக இருக்கும். 12 மாதத்தில் ஒரு பருவச் சுற்றுதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பருவ ஏற்ற இறக்கத்தையும் நீண்டகாலப் போக்கையும் பிரித்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காய்ச்சல் வார்டு நிரம்பும், ஆன்டிபயாடிக் கணக்கும் கூடவே ஏறும். விதியை ஜனவரி 1 அன்று தொடங்கினால், மழைக்கால ஏற்றம் தானாக வடிவதெல்லாம் விதியின் சாதனையாகவே தெரியும்.

அடுத்த சிக்கல், மாதங்களுக்கு இடையே உள்ள ஒட்டுறவு. இந்த மாதம் பயன்பாடு அதிகமென்றால் அடுத்த மாதமும் அதிகமாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். சாதாரண ரிக்ரஷன் ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனிச் செய்தியாக எடுத்துக்கொள்வதால், நமக்கு உண்மையில் இருப்பதைவிட அதிகத் தகவல் இருப்பதாக நினைத்து நம்பிக்கை இடைவெளியைச் சுருக்கிவிடும். இந்த ஒட்டுறவைச் சோதிக்கும் டர்பின்-வாட்சன் மதிப்பு 2க்குப் பக்கத்தில் இருந்தால் அடுத்தடுத்த மாத ஒட்டுறவு இல்லை என்று பொருள். ஆனால் அது அடுத்தடுத்த மாதத்தை மட்டுமே பார்க்கும். போன நவம்பருக்கும் இந்த நவம்பருக்கும் உள்ள ஒட்டுறவு அதில் தெரியாது. எச்சங்களின் (உண்மை மதிப்புக்கும் மாடல் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களின்) ஒட்டுறவு வரைபடத்தை 12 மாத இடைவெளி வரை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ஒட்டுறவு இருந்தால் திருத்த பிரைஸ்-வின்ஸ்டன், நியூயி-வெஸ்ட், ரெம்ல் என்று பல உண்டு. எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். ஏற்கெனவே பிரசுரமான 190 தொடர்களை எடுத்து ஆறு முறைகளில் மறுபடி கணக்கிட்ட ஒரு ஆய்வு 2021ல் வந்தது. இரண்டிரண்டு முறைகளாக ஒப்பிட்டபோது, “புள்ளியியல் முக்கியத்துவம் உண்டா இல்லையா” என்ற முடிவே 4 முதல் 25 சதவீதத் தொடர்களில் மாறிப்போனது. எந்தத் திருத்தத்தைப் பயன்படுத்தப்போகிறோம் என்பதைக் கணக்கை ஓட்டுவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதி வைத்தாக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஓட்டிப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், வேண்டிய பதிலைத் தேர்ந்தெடுப்பதாகிவிடும்.

அரீமா எப்போது?

பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரும் 1970ல் பிரபலமாக்கிய அரீமா மாடல்கள் ஒட்டுறவைத் திருத்த வேண்டிய தொல்லையாகப் பார்ப்பதில்லை. தொடரின் இயல்பாகவே எடுத்து மாடலுக்குள் வைக்கின்றன. பருவ ஏற்ற இறக்கமும் அப்படியே. 1975ல் பாக்ஸும் டியாவோவும் இதில் தலையீட்டின் விளைவை அளக்கும் வழியைச் சேர்த்தார்கள். அவர்கள் எடுத்த உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காற்று மாசு.

மருந்துத் துறையில் இதற்கு நல்ல இடம் ஆஸ்திரேலியா. அங்கே அரசு மானிய மருந்துத் திட்டத்தில் குடும்பச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மீதி ஆண்டுக்கு மருந்து இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஜனவரி 1 அன்று கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் டிசம்பரில் மக்கள் மருந்தை வாங்கிச் சேர்ப்பார்கள், ஜனவரியில் விற்பனை விழும். வருஷா வருஷம் இதே அலை. 2014 ஜனவரியில் க்வெட்டியபின் என்ற மனநல மருந்தின் 25 மில்லிகிராம் மாத்திரைக்கு ரிப்பீட் சீட்டு கிடையாது என்று விதி வந்தது. விதி தொடங்கியதும் வழக்கமான ஜனவரிச் சரிவும் ஒரே மாதம்! பருவத்தைச் சரியாகப் பிடிக்காத மாடல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

அரீமாவில் விளைவின் வடிவத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: ஒரு மாதம் மட்டும் வந்து போகும் துடிப்பு, வந்து நிலைத்துவிடும் படி, மெல்ல மெல்ல வளரும் சாய்வு. வாங்கிச் சேர்ப்பது போன்ற தற்காலிக விளைவுக்குத் துடிப்பு கச்சிதமாகப் பொருந்தும். 2018 பிப்ரவரி 1 முதல் கோடீன் என்ற ஓபியாய்டு வலி நிவாரணி கலந்த மருந்து எதையும் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆஸ்திரேலியா அமல்படுத்தியது. முடிவு அறிவிக்கப்பட்டது 2016 டிசம்பரில். நடுவே ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி. எந்தத் தேதியை முறிவாக எடுப்பது என்பது அங்கே ஒரு நிஜமான கேள்வி.

குறை என்ன? 50 புள்ளிகள் இருந்தால் நல்லது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. மாதவாரிக் கணக்கில் 4 வருஷத்துக்கு மேல். நம் மருத்துவமனைகளில் ஒரே மாதிரி பதிவான 4 வருஷக் கணக்கு கிடைப்பது அரிது, அதிலும் 2020இன் கோவிட் காலம் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்தது, அரீமா கணக்கைக் குழுவில் விளக்குவது கடினம். எந்த மாடல் என்று தேர்ந்தெடுப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடும் வரும். மாநில அளவில், கடைவிற்பனைக் கணக்கு பல வருஷத்துக்கு இருந்தால் அரீமாவை எடுங்கள். ஒரு மருத்துவமனைக்கு அது தேவைக்கு மீறிய வேலை.

ஒப்பீட்டுத் தொடர்

இங்கிலாந்தில் பாராசிட்டமால் பொட்டலத்தின் அளவைச் சுருக்கிய சட்டம் 1998 செப்டம்பர் 16ல் அமலுக்கு வந்தது. மருந்துக் கடையில் பொட்டலத்துக்கு 32 மாத்திரை, மற்ற கடைகளில் 16. அளவுக்கு மீறி உட்கொண்டு நிகழும் மரணங்களைத் தடுப்பதே நோக்கம். இதை ஆராய்ந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

2007ல் வந்த ஆய்வு, சட்டத்துக்குப் பிறகு பாராசிட்டமால் மரணங்கள் குறைந்ததை ஒத்துக்கொண்டது. ஆனால் ஆஸ்பிரின், மன அழுத்த மருந்துகள் போன்றவற்றால் நிகழ்ந்த மரணங்களும் அதே காலத்தில் அதே மாதிரி குறைந்திருந்தன. எனவே இதைச் சட்டத்தின் விளைவு என்று உறுதியாகச் சொல்வது கடினம் என்று முடித்தது. 2013ல் கீத் ஹாட்டன் குழு இன்னும் நீண்ட தொடரை எடுத்து, செக்மென்டட் ரிக்ரஷனில் 11 ஆண்டுகளுக்கும் சற்று கூடுதலான காலத்தில் 765 மரணங்கள் குறைந்ததாக, அதாவது 43 சதவீதக் குறைவு என்று கணக்கிட்டது. மற்ற வகை நஞ்சு மரணங்களில் வந்த குறைவைக் கழித்துப் பார்த்தபோதும் இந்த முடிவு பெரிதாக மாறவில்லை.

ஒரே சட்டம், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த முறை, இரண்டு தொனி. வேறுபாடு வந்தது எத்தனை ஆண்டுத் தொடர், எதோடு ஒப்பிட்டார்கள், அந்த ஒப்பீட்டை எப்படிக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதில். எந்தப் பக்கம் சாய்வது என்று கேட்டால், நீண்ட தொடரும் ஒப்பீட்டைக் கழித்த கணக்கும் இருக்கும் 2013 ஆய்வின் பக்கம் நான் சாய்வேன். ஆனால் 2007 ஆய்வு அந்தக் கேள்வியை எழுப்பியிராவிட்டால் இந்தப் பதிலுக்கு இவ்வளவு வலு வந்திருக்காது.

ஒப்பீட்டைச் சேர்க்கும் வழி இரண்டு. டிஃபரன்ஸ்-இன்-டிஃபரன்சஸ் எளிமையானது: இங்கே முன்-பின் வித்தியாசத்திலிருந்து அங்கே முன்-பின் வித்தியாசத்தைக் கழிப்பது. விதி இல்லாதிருந்தால் இரு பக்கமும் ஒரே போக்கில் நகர்ந்திருக்கும் என்ற அனுமானத்தில்தான் அது நிற்கிறது. முன் ஒரு புள்ளி, பின் ஒரு புள்ளி என்று மட்டும் இருந்தால் அந்த அனுமானத்தைச் சோதிக்கவே வழியில்லை. மாதவாரிக் கணக்கு இருந்தால், இரண்டு தொடரையும் ஒரே செக்மென்டட் ரிக்ரஷனில் போடலாம். முன்னே சொன்ன நான்கு எண்கள் எட்டாகும். கூடுதலாக வரும் நான்கும் இரு தொடர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும். விதிக்கு முன்பே போக்கில் வித்தியாசம் இருந்ததா என்பதும் அதில் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது இதுதான். பல மாநிலங்களைக் கலந்து ஒரு செயற்கை ஒப்பீட்டை உருவாக்கும் சின்தெடிக் கன்ட்ரோல் முறையும் இருக்கிறது. மாநில அளவுக் கொள்கைகளுக்கு நல்லது, மருத்துவமனைக்கு வேண்டாம்.

எதை ஒப்பீடாக எடுப்பது என்பதில் நம் நாட்டு உதாரணம் ஒன்று நிறையக் கற்றுத்தரும். சில மருந்துகளின் கடை விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஷெட்யூல் எச்1 விதி 2013 ஆகஸ்ட் 30ல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1ல் அமலுக்கு வந்தது. செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் உட்பட 46 மருந்துகள் பட்டியலில். விற்கும் கடை தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே நாளில் வந்ததால் விதி இல்லாத மாநிலம் என்று ஒன்று கிடையாது. சரி, பட்டியலில் இல்லாத அமாக்சிசிலின், அசித்ரோமைசினை ஒப்பீடாக எடுக்கலாமே? எடுக்கலாம், ஆனால் செஃபிக்சிம் விற்கத் தயங்கும் கடைக்காரர் அதற்குப் பதில் அசித்ரோமைசினை எடுத்துக் கொடுத்தால் ஒப்பீட்டுத் தொடர் விதியாலேயே ஏறும். ஒரு பக்கம் இறக்கம், மறுபக்கம் ஏற்றம் என்று வித்தியாசம் இரு மடங்காகத் தெரியும். ஆன்டிபயாடிக் மொத்தப் பயன்பாடு குறையாமலேயே விதி பெரிய வெற்றி என்று கணக்கு சொல்லிவிடும்.

நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் போல இந்த விதியோடு தொடர்பே இல்லாத மருந்தை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. கணக்கெடுப்பு முறையில் மாற்றம் வந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் காய்ச்சல் பருவம் அதில் தெரியாது. இரண்டையும் எடுங்கள் என்பதே என் யோசனை. கூடவே மொத்த ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் தனித் தொடராக வரைந்து பாருங்கள். மூன்று வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால், மருந்து குறைந்ததா, வேறு மருந்துக்கு மாறியதா என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எந்த மாடலும் காப்பாற்றாத இடம்

அளக்கும் கோலே நடுவில் மாறினால் எல்லா முறையும் ஒன்றாகத் தோற்கும். ஆன்டிபயாடிக் பயன்பாட்டை உலக சுகாதார நிறுவனத்தின் டி.டி.டி. அலகில் கணக்கிடுவது வழக்கம். ஒரு மருந்தின் வழக்கமான ஒருநாள் அளவு எத்தனை கிராம் என்று அது நிர்ணயிக்கிறது. 2019 ஜனவரியில் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அந்த அளவு திருத்தப்பட்டது. மெரோபெனம் 2 கிராமிலிருந்து 3 கிராம் ஆனது. மருந்தகத்திலிருந்து மாதம் 600 கிராம் போய்க்கொண்டிருந்தால், 2018 டிசம்பரில் அது 300 டி.டி.டி.; 2019 ஜனவரியில் அதே 600 கிராம் 200 டி.டி.டி. ஒரு கிராம்கூடக் குறையாமல் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அந்த ஜனவரியில் யாராவது கார்பபெனம் (மெரோபெனம் சேர்ந்த மருந்து வகை) கட்டுப்பாட்டு விதி தொடங்கியிருந்தால், செக்மென்டட் ரிக்ரஷன் அழகான திடீர் மாற்றம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். தொடர் முழுவதையும் ஒரே பதிப்பு அளவில் மறுபடி கணக்கிடுங்கள். கிராம் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கோவிட் வந்த 2020ஐயும் இதே இடத்தில் சொல்ல வேண்டும். படுக்கை-நாள் எண்ணிக்கை, நோயாளிகளின் வகை, எழுதப்படும் மருந்து மூன்றும் ஒரே நேரத்தில் மாறின. இந்தியாவில் 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை அசித்ரோமைசின் மட்டும் எதிர்பார்த்ததைவிட 3.8 கோடி டோஸ் கூடுதலாக விற்றதாக, இதே போல தொடரில் முறிவைத் தேடும் முறையில் செய்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. 2019 மத்தியில் தொடங்கிய விதியை அந்தக் காலத்தையும் சேர்த்து மதிப்பிட, விதி இல்லாத இன்னொரு மருத்துவமனையின் தொடர் இல்லாமல் முடியவே முடியாது. இல்லையென்றால் 2020 பிப்ரவரியோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

ஆக, எதை எடுப்பது?

விதி ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, ஒரே மருத்துவமனை, இரு பக்கமும் 12 மாதத்துக்கு மேல் கணக்கு இருக்கிறது என்றால் செக்மென்டட் ரிக்ரஷன். விதி பொருந்தாத வார்டோ மருந்தோ எது கிடைத்தாலும் அதை ஒப்பீடாகச் சேருங்கள். இரு பக்கமும் 12க்குக் குறைவான மாதங்களே இருந்தால் வரைபடத்தை வரைந்து காட்டுங்கள், எண்ணில் பெரிய முடிவு சொல்லாதீர்கள். மாநில அளவில் 4 வருஷத்துக்கு மேல் கணக்கும் வலுவான பருவ அலையும் இருந்தால் அரீமா. ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆனது என்பது உங்கள் கேள்வி என்றால், மாதச் சராசரியில் அதற்குப் பதில் கிடையாது. நியூ ஹாம்ப்ஷயர் குழுவும் முதியோர் இல்லக் கேள்விக்கு நோயாளிவாரியான சர்வைவல் பகுப்பாய்வுக்குத்தான் (ஒவ்வொருவருக்கும் நிகழ்வு நேர எவ்வளவு காலமானது என்று பார்க்கும் கணக்கு) போனது.

விதி இன்னும் தொடங்கவே இல்லையா? அப்படியானால் இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்காமல், குலுக்கல் போட்டு வரிசை முடிவு செய்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு இடமாகத் தொடங்குங்கள். இதற்கு ஸ்டெப்டு வெட்ஜ் என்று பெயர். கடைசியில் எல்லாருக்கும் விதி வந்துவிடும் என்பதால் நிர்வாகமும் மறுக்காது. பயிற்சி கொடுக்கும் குழுவுக்கும் வேலை பிரிந்து வரும். இன்னும் முறை வராத இடங்கள் எல்லாம் அந்த நேரத்துக்கு ஒப்பீடாக நிற்கும். மழைக்காலமும் எல்லாருக்கும் ஒன்றாகவே வரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தால் வார்டுவாரியாகக் குலுக்காதீர்கள். ஒரே வார்டில் இரண்டு யூனிட் (ஒரு தலைமை டாக்டரின் கீழ் இயங்கும் குழு) நோயாளிகள் படுத்திருப்பார்கள், பயிற்சி டாக்டர்கள் வார்டு வார்டாக மாறிக்கொண்டிருப்பார்கள், விதியின் பழக்கமும் அவர்களோடு போய்ச் சேரும். எந்த ஆன்டிபயாடிக் என்று முடிவு செய்வது யூனிட் தலைவரும் அவரிடம் இருக்கும் முதுநிலை மாணவர்களும்தான். எனவே யூனிட்டை அலகாக எடுத்துக் குலுக்குங்கள். முதல் யூனிட் தொடங்குவதற்கு 12 மாதம் முன்பிருந்தே மருந்தகக் கணக்கை யூனிட்வாரியாகப் பிரித்து எழுதச் சொல்லிவிடுங்கள்.